இடது ஏழு, வலது எட்டு

நாலு மணிக்கு என் வண்டி அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நாலே கால் ஆகிவிட்டால் அவள் வெளியே வந்து, "என்னண்ணே, இன்னைக்கு வழியில யாரு புடிச்சு உக்கார வச்சாங்க?" என்பாள். நான்கு வருடமாக இதே கேள்விதான். நானும் தினம் ஒரு புதுப் பொய்யைத் தயாராக வைத்திருப்பேன். பாலத்தில் யானை படுத்திருந்தது என்றுகூட ஒரு நாள் சொல்லியிருக்கிறேன்.

பார்சல் எடுக்கிற வேலை என்னுடையது. ஒரு நாளைக்கு முப்பத்தோரு இடம். முப்பது இடத்தில் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். இந்த ஒரு வீட்டில்தான் உட்காரச் சொல்லி டீ கொடுப்பார்கள். அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் போட்டுக் கொடுத்த வரிசையில் இது ஒன்பதாவது. அவர் வரிசையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அச்சகத்துக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருக்கிற வீடு. முன் அறை முழுக்கத் தோல் வெட்டுகிற மேசை. சுவரில் கால் வடிவத்து மரக்கட்டைகள் வரிசையாகத் தொங்கும். உள்ளே போனதும் பசை வாசனை மூக்கில் ஏறும். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். மூலையில் தையல் மெஷின், அதன் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். தைப்பது, இணையத்தில் கடை நடத்துவது இரண்டும் அவள். வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் புருஷன். செருப்பு ஃபேக்டரியில் பதினாறு வருடம் தோல் வெட்டியவன். அவள் என்னை அண்ணன் என்று கூப்பிட்டதால் அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். அவனும் விடாமல் மச்சான் போட்டான். பெண்டாட்டியை மட்டும் 'முதலாளி' என்பான்.

அவளுக்கு இடது கால் வலதைவிட இரண்டு அளவு சின்னது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலை. இதுவும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் காலை நான் பார்த்ததே கிடையாது. உடுப்பு தரையைக் கூட்டுகிற மாதிரித்தான் உடுத்துவாள், வீட்டுக்குள்ளும். கல்யாணத்துக்கு முன்னால் இடது செருப்பின் முனையில் துணியைத் திணித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். கல்யாணத்தன்று அவன் ஒரு ஜோடி செய்து கொடுத்தான். இடது ஐந்து, வலது ஏழு. அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து அழுதாளாம். அதைப் பார்த்துத்தான் அவன் ஃபேக்டரியை விட்டான். இப்படி எத்தனை பேர் துணி திணித்து நடக்கிறார்களோ, இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கொன்றைத் தூக்கிப் போடுகிறார்களோ என்று சேர்ந்து ஆரம்பித்த கடை இது. இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு, விலை ஒரு ஜோடிக்குத்தான்.

நல்ல யோசனைதான். ஆனால் இப்படி ஒரு கடை இருப்பது துணி திணித்து நடக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. நான் எடுத்துப் போவது நாளைக்கு மூன்று பெட்டி, நான்கு பெட்டி. இரண்டு பேர் சாப்பிட அது போதவில்லை.

மழைக்காலம் தொடங்கின வாரத்தில் பழைய ஃபேக்டரி மேஸ்திரி போன் செய்தார். வேறு ஊரில் புது ஃபேக்டரி, ஒரு பகல் ஒரு ராத்திரி பயணம். வெட்டுகிற ஆள் வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு ஒரு முறை லீவு. அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வருகிறானா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து ஒரு நீலப் பயணப் பையை இறக்கித் துடைத்து, மேசைக்கு அடியில் வைத்தான். அவள் பெருக்கும்போது அந்தப் பையைச் சுற்றிக்கொண்டு பெருக்கினாள். நான் பார்த்தேன்.

அதற்கு மறுநாள் சுவரில் மூன்று தாள் ஒட்டியிருந்தது. கட்டம் போட்டு, குண்டு குண்டாக அவள் கையெழுத்து.

"என்ன தங்கச்சி இது, பரீட்சையா?"

"அஃபிலியேட் நெட்வொர்க்குண்ணே. மூணுல ஒண்ணை எடுக்கணும்."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"ஒருத்தர் இணையத்துல ஒரு பக்கம் எழுதுறாருன்னு வைங்க. நடைப்பயிற்சியோ சமையலோ, எதோ ஒண்ணு. அதுல நம்ம கடையைப் பத்தி ரெண்டு வரி எழுதி, இங்க அமுக்குங்கன்னு லிங்க் போடுவாரு. அதை அமுக்கி வந்தவங்க வாங்குனா அவருக்குக் கமிஷன். வாங்கலைன்னா ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"சரி. நெட்வொர்க்குன்னா?"

"எழுதுறவங்களையும் கடைக்காரங்களையும் சேத்து வைக்கிற தரகர்."

"அப்படிச் சொல்லு. வீட்டுத் தரகர் மாதிரி."

"அதேதான். யாரு லிங்க்ல யாரு வந்தாங்கன்னு அவங்களே பாத்துக்குவாங்க. இன்னைக்கு அமுக்கிட்டு அடுத்த வாரம் வந்து வாங்குனாக்கூடத் தெரியும். முப்பது நாளைக்கு ஞாபகம் வச்சுக்கும். அதுக்குப் பேரு குக்கி."

"முப்பது நாள் வச்சா நமத்துப் போகாதா?"

மாப்பிள்ளை கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பை இறங்கிய பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதல் தாள் பெரிய நெட்வொர்க். நாற்பதாயிரம் பேர் எழுதுகிறார்களாம். சேருவதற்குக் கட்டணம் உண்டு. இரண்டாவதில் கட்டணம் கிடையாது, ஆனால் ஒரு வருடத்துக்கு வேறு எங்கும் சேரக்கூடாது. மூன்றாவது சின்னது. பதினாலே பேர். கால், முதுகு, நடை என்று உடம்பு சங்கடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள்.

"பதினாலு பேரை ஒரே வேன்ல ஏத்திடலாமே," என்றேன். "தரகர்னா பெரிய தரகரா பாக்கணும் தங்கச்சி. நாப்பதாயிரம் பேரு சொன்னா எவன் கேக்க மாட்டான்?"

இந்த வாய் இருக்கிறதே, இதை என்ன செய்வது. அவள் மூன்றாவது தாளைத்தான் முதலில் கிழித்து ஒதுக்கினாள். அதன் கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதி இரண்டு தடவை அடித்திருந்தது. நான் சொன்னதால்தான் ஒதுக்குகிறாள் என்று நினைத்துப் பெருமையாக இன்னொரு டீ கேட்டேன்.

பெரிய நெட்வொர்க்கில் சேர்ந்த நாலாம் நாள் ஒன்பது பெட்டி. அடுத்த நாள் பதினொன்று. அந்த வாரக் கடைசியில் பதினாறு. மழை வேறு விடாமல் அடித்தது. பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றி, என் மழைச் சட்டையையும் கழற்றி மேலே போட்டு எடுத்துப் போனேன். மாப்பிள்ளை காலை ஐந்து மணிக்கு மேசைக்கு வந்தால் ரொட்டியும் முட்டையும் நின்றபடியே தின்பான். வாங்கி வைத்த தோல் எல்லாம் கரைந்தது. அவளுக்கு விரல் நுனியெல்லாம் ஊசித் துளை. ஆனால் வீடு கலகலவென்று இருந்தது. நீலப் பைமேல் தோல் துண்டுகள் குவிந்து பை மறைந்தே போனது. நான் என்னமோ நானே அவர்களைக் கரையேற்றிவிட்ட மாதிரி நடந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் நான் வெறும் கையோடு போகவில்லை. திரும்பி வந்த பெட்டி பதினொன்றைச் சுமந்துகொண்டு போனேன்.

"பதினொண்ணா?" என்றாள்.

மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் பதினான்கு. எல்லாப் பெட்டியின் மேலும் காரணச் சீட்டு இருந்தது. 'இரண்டும் ஒரே அளவாக இல்லை.' 'ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.' 'செய்தவனுக்குக் கண் தெரியாதா?' அந்தச் சீட்டைப் படித்து எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. மாப்பிள்ளை அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஒரு வாடிக்கையாளருக்குப் போன் செய்தாள். நாங்களும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். நடுத்தர வயது மனிதர். கோபக்காரர் இல்லை.

"சார், நீங்கதான இடது ஏழு, வலது எட்டுன்னு போட்டிருந்தீங்க?"

"ஆமாம்மா. எனக்கு ஏழா எட்டான்னு சரியாத் தெரியாது. ரெண்டு கட்டம் இருந்துச்சா, ரெண்டையும் போட்டேன். எது சரியா வருமோ அதை நீங்க பாத்து அனுப்புவீங்கன்னு நெனச்சேன்."

"எங்க கடையே ரெண்டு கால் ரெண்டு அளவா இருக்கிறவங்களுக்குத்தான் சார். மேலே எழுதியிருக்கே."

"மேலே எல்லாம் யாரும்மா படிக்கிறா? ஆஃபர்னு ஒரு பக்கத்துல வந்துச்சு, அமுக்கினேன். அப்படியும் கால் இருக்குமாம்மா?"

"இருக்கும் சார்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைக்கே கடைப் பக்கத்தைத் திருத்தினாள். ஆனால் அதற்குள் அறுபத்து நாலு ஜோடி திரும்பி வந்து அலமாரியில் அடுக்கியாகிவிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏன் தங்கச்சி, ஒரு ஜோடியோட இடதையும் இன்னொரு ஜோடியோட வலதையும் மாத்திச் சேத்தா ஒரே அளவு ஆயிடுமே?"

"வாங்க, நீங்களே சேருங்க," என்றாள்.

உட்கார்ந்து பார்த்தேன். இடது ஏழு, வலது எட்டு. இடது ஆறு, வலது ஏழு. இடது எட்டு, வலது ஒன்பது. சந்தேகத்தில் எண் போடுகிறவன் எல்லோரும் சின்ன எண்ணை முதல் கட்டத்தில் போடுவான் போல. முதல் கட்டம் இடது. 'ஏழா எட்டா' என்றுதான் யாருக்கும் வாயில் வரும், 'எட்டா ஏழா' என்று வராதே. கறுப்பில் ஒரு இடது ஏழு கிடைத்தால் வலது ஏழு மண்நிறத்தில் இருக்கும். ஒரு மணி நேரம் தேடி மூன்று ஜோடி சேர்த்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நெட்வொர்க்கிலிருந்து ஒருத்தர் பேசினார். குழைவான குரல்.

"மேடம், உங்க விற்பனை ரொம்ப நல்லா இருக்கு. ரிட்டர்ன்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒண்ணு பண்ணுங்க. ஒரே அளவு ஜோடியைத் தச்சு முன்னால வைங்க. இந்த ரெண்டு அளவு விஷயத்தைக் கடைசிப் பக்கத்துல சின்னதா வச்சிருங்க. பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன மாதிரியா இருக்கு?"

"இல்ல மேடம், தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல. என்ன மாதிரின்னுதான் கேட்டேன்."

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் வைத்துவிட்டார்.

மழை சன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேசையைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"அவரு சொல்றதையும் யோசிக்கலாம் முதலாளி. ஒரே அளவு ஜோடி வெட்டுறது எனக்குப் பெரிய வேலையா? பதினாறு வருஷம் அதைத்தான வெட்டுனேன்."

"அப்ப அதை அந்த ஃபேக்டரியிலயே போய் வெட்டலாமே. இங்க எதுக்கு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவன் குனிந்து தோல் துண்டுகளை ஒதுக்கினான். நீலப் பை வெளியே தெரிந்தது.

"நானே வழி காட்டி அனுப்புறேன் பாருங்க," என்றாள். "எனக்கு நீங்க போறது புடிக்கல. ரெண்டு வருஷம் இந்த மெஷின் முன்னால தனியா உக்கார என்னால முடியாது. இதை நான் சொல்லாமலே இருந்தேன். நான் சொன்னா நீங்க இருந்திருவீங்க, இருந்து ரெண்டு பேரும் கஷ்டப்படுவோம்னு சொல்லல."

"தெரியும்," என்றான் அவன். "எனக்கு மட்டும் போகப் புடிச்சிருக்கா?"

எனக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தேன். அதன் அடியில் அந்த மூன்றாவது தாள் மடித்துச் செருகியிருந்தது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. எடுத்துப் பிரித்தேன். கடைசிக் கட்டத்தில் அடித்திருந்ததை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிந்தது. 'நிபந்தனை: செய்கிறவர்களில் ஒருவராவது போட்டுக்கொண்டு நிற்கிற படம். கால் தெரிய வேண்டும்.'

"இதுக்காகவா இதை ஒதுக்குன?" என்றேன்.

மாப்பிள்ளைதான், "அதை விடுங்க மச்சான்," என்றான்.

"நீங்க இதைப் படிச்சீங்களா?" என்று அவள் அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கே படிச்சேன்."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ சரின்னு சொல்லிருவ. எனக்காகச் சொல்லுவ. அதான் கேக்கல."

அவள் உடுப்பின் ஓரத்தைப் இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தாளை என்னிடமிருந்து வாங்கி, அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

எடுத்தது ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிற அம்மா. அந்தப் பதினாலு பேரில் ஒருவர், அவர்களுக்குக் கணக்குப் பார்ப்பதும் அவர்தானாம். அக்கம்பக்கத்தில் யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள் போல, அடங்கின குரலில் பேசினார்.

"படம் இல்லாம முடியாதாம்மா?" என்று இவள் கேட்டாள்.

"கமிஷன் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கும் வாடகை இருக்கு. ஆனா படம் வேணும். எனக்கு வலது பெரிசு. இருபத்தாறு வருஷமா ரெண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கொண்ணை எறியுறேன். எங்களுக்குன்னு விக்க வர்றவங்க எல்லாரும் விளம்பரப் பொண்ணோட அளவெடுத்த மாதிரிக் காலைப் போட்டுத்தான் காட்டுறாங்க. அந்தக் காலுக்கு எந்தச் செருப்புத்தான் சேராது? எங்களைப் படிக்கிறவங்க அதை நம்ப மாட்டாங்க. உங்க பக்கத்தைப் பாத்தேன். அதுலயும் கால் இல்லாத செருப்புத்தான் இருக்கு."

"ஆமா," என்றாள் இவள்.

"யாருக்கு உங்க வீட்ல?"

"எனக்குத்தான். இடது. ரெண்டு அளவு."

"நம்ம ஆளா," என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். எந்தக் கடையில் யார் எப்படி முறைத்தார்கள், துணி நல்லதா பஞ்சு நல்லதா என்று. அலமாரியில் இருக்கிற அறுபத்தொரு ஜோடியைப் பற்றி இவள் சொன்னாள். இடது ஒரு அளவு சின்னதாக இருக்கிறவர்கள்தான் தன் வாசகர்களில் அதிகம், பட்டியல் அனுப்பு என்றார் அவர். மாப்பிள்ளை டீ போட்டான். நன்றாக இல்லை. யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக விழுந்தது. மாப்பிள்ளையின் கையெல்லாம் பசை, அதனால் போனை நான் பிடிக்க வேண்டும் என்றாள்.

"அண்ணே, முதல்ல கொஞ்சம் திரும்பிக்குங்க."

திரும்பி நின்றேன். சைக்கிள் கடைக்காரன் காற்றடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சரி, பாருங்க. ஊரே பாக்கப்போகுது, உங்ககிட்ட என்ன."

உடுப்பைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டு, அந்தக் கல்யாண ஜோடியை அவளுக்குப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான். மூன்று தடவை அடி மாற்றின செருப்பு. பசைக் கை அவள்மேல் படாமல் இரண்டு விரலால் வாரைப் பிடித்து இழுத்தான். இடது கால் சின்னதாக இருந்தது, விரல்கள் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தன. நான்கு வருடமாக என்னென்னவோ நினைத்துவைத்திருந்தேன். ஒரு சின்னக் கால், அவ்வளவுதான். அதற்காக அவள் இத்தனை வருடம் தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தாளே.

எழுந்து நின்றாள். நான் போனைத் தாழ்த்திப் பிடித்தேன்.

"சிரிக்கணுமாண்ணே?"

"கால் மட்டுந்தான் விழும் தங்கச்சி."

"இருக்கட்டும். சிரிச்சாத்தான் கால் ஒழுங்கா நிக்கும்," என்று சிரித்தாள்.

படத்தில் மாப்பிள்ளையின் பசைக் கையும் ஒரு ஓரத்தில் விழுந்துவிட்டது. வெட்ட வேண்டாம் என்று அந்த நூலகத்து அம்மா சொல்லிவிட்டாராம். புதன்கிழமை அவர் எழுதினார். அன்றைக்கு இரண்டு பெட்டி. வியாழக்கிழமை மூன்று. நாற்பதாயிரம் பேரை விட்டுவிட்டுப் பதினாலு பேரிடம் வந்ததற்கு இதுதானா என்று நான் மனசுக்குள் புலம்பினேன். மேஸ்திரிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் மறுநாள். நான் கிளம்பும்போது மாப்பிள்ளை, "பாத்துப் போங்க மச்சான்," என்றான். அவன் அப்படிச் சொல்கிற வழக்கமே கிடையாது.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கே தெருமுனைக்கு வந்துவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். நாலு மணி ஆனது, நாலே கால் ஆனது. அவள் வாசலுக்கு வரவில்லை. நாலரைக்கு வேறு வழியில்லாமல் போனேன்.

கதவு திறந்திருந்தது. மேசை துடைத்து வெறுமையாகக் கிடந்தது. கத்தி ஆணியில் தொங்கியது. குனிந்து பார்த்தேன். நீலப் பை இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து அவள் எதையோ தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். நீலப் பை. பிதுங்கிக்கொண்டிருந்தது. மூட முடியாமல் வாய் திறந்திருந்தது. உள்ளே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தாள்.

"பார்சல் சாக்கு தீந்துபோச்சுண்ணே. இதுல எடுத்துட்டுப் போங்க. இருபத்திரெண்டு இருக்கு. பத்தொம்பது அலமாரியில இருந்தது, மூணு புதுசு. நேத்து ராத்திரியில இருந்து ஆர்டர் வந்துட்டே இருக்கு."

"மாப்பிள்ளை?"

"தோல் வாங்கப் போயிருக்காரு. கையில ஒரு துண்டுகூட இல்ல. காலையில மேஸ்திரிக்குப் பேசிட்டாரு, வரலைன்னு. நான் சொல்லல, இவரே போன் போட்டாரு, ஆர்டரை எண்ணிக்கூடப் பாக்கல."

நான் பையின் கைப்பிடியைப் பிடித்தேன். கனமாக இருந்தது.

"பையைத் திரும்பக் கொண்டுவரணுமா?"

"அவசரமில்ல," என்றாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நாலரைக்கு வர்றீங்க. இன்னைக்கு வழியில யாரு புடிச்சு உக்கார வச்சாங்க?"

பொய் ஒன்றும் கைவசம் இல்லை.

"யாரும் இல்லம்மா. மாப்பிள்ளை போயிருப்பாரோன்னு பயந்து, தெருமுனையிலயே நின்னுட்டேன்."

அவள் உடுப்பின் ஓரத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, டீ போட உள்ளே போனாள்.